பவளப் பாறையில் ஒரு கடை: துப்புரவு மீன் தரும் வணிகப் பாடம்

காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு முதல் போணிக்காகக் காத்திருப்பது நம் வழக்கம். கடலுக்கு அடியிலும் இப்படிக் காத்திருக்கும் ஒரு மீன் உண்டு. பொழுது விடிந்ததும் அது தன் பாறைக்கு வந்துவிடும். பொழுது சாயும் வரை அந்தப் பக்கத்தை விட்டு அகலாது. வாடிக்கையாளர்கள் அதைத் தேடி வருவார்கள், காத்து நிற்பார்கள், வேலை முடிந்ததும் போவார்கள். மனம் நொந்தால் வேறு கடைக்குப் போய்விடுவதும் உண்டு.

இது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அல்ல. அறிஞர்கள் பல ஆண்டுகள் நீருக்கடியில் இருந்து பார்த்து, எண்ணி, குறித்து வைத்த செய்தி. 1994-இல் ரொனால்டு நோயி, பீட்டர் ஹாமர்ஸ்டைன் என்ற இரு அறிஞர்கள், விலங்குகளுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் ஒரு சந்தையாகவே கருதலாம் என்று எழுதினார்கள். தேவை, வரத்து, போட்டி, வாடிக்கை எல்லாம் அங்கும் உண்டு என்பது அவர்கள் கருத்து. அந்தக் கருத்துக்கு மிகத் தெளிவான சான்றாக அமைந்தது இந்தச் சிறிய மீன்தான். சந்தை என்றால் அது நம் பாடம். ஆகவே இந்த மீனைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

மீனின் அடையாளம்

இந்த மீன்களின் பேரினத்துக்கு லாப்ராய்டஸ் என்று பெயர். மீனியல் அறிஞர் பீட்டர் பிளீக்கர் 1851-இல் இட்ட பெயர் அது. 'லாப' என்று தொடங்குவது தற்செயல்தான். இருந்தாலும் நம் காதுக்கு இனிக்கிறது.

இந்தப் பேரினத்தில் ஐந்து வகைகள் உண்டு. ஒன்றுக்கு முன்பாதி கருநீலம், பின்பாதி மஞ்சள். இன்னொன்றுக்கு உதடு சிவப்பு. ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் ஒரு வகை மஞ்சளும் ஊதாவும் கலந்து மின்னும். எல்லாவற்றிலும் பரவலாகக் காணப்படுவதும், மிகுதியாக ஆராயப்பட்டதும் நீலக்கோட்டுத் துப்புரவு மீன். தலையிலிருந்து வால் வரை ஒரு கறுப்புப் பட்டை. வால் பக்கம் போகப் போக அது அகலும். பட்டையைச் சுற்றிப் பளிச்சென்ற நீலம். நீளம் சுமார் 10 செ.மீ.; நன்கு வளர்ந்தால் 14 செ.மீ. வரை இருக்கும். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை வெப்பக் கடலின் பவளப் பாறைகளில் இது வாழ்கிறது. நமது மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவுப் பாறைகளிலும் உண்டு.

கடை நடக்கும் விதம்

கடல் மீன்களின் உடலிலும் செவுளிலும் சிறு ஒட்டுண்ணிகள் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். மாட்டுக்கு உண்ணி போல. மீனுக்குக் கை இல்லை. தானாக எடுத்துப் போட முடியாது. துப்புரவு மீன் அவற்றைக் கொத்தித் தின்கிறது. வந்த மீனுக்கு உடல் சுத்தம், இதற்கு உணவு. இதுதான் வியாபாரம்.

துப்புரவு மீன் நிற்கும் இடத்துக்கு மற்ற மீன்கள் தாமாகவே வருகின்றன. அது வாலை மேலும் கீழுமாக ஆட்டி நெளிந்து நீந்தி வரவேற்கிறது. வந்த மீன் செதில்களை விரித்து, வாயைத் திறந்து, அசையாமல் நிற்கிறது. களவா போன்ற பெரிய வேட்டை மீனின் வாய்க்குள்ளேயே இது புகுந்து செவுள் வழியாக வெளியே வரும். ஒரே வாயில் விழுங்கக்கூடிய அந்த வேட்டை மீன், இதை விழுங்குவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத் திட்டில் லிசார்டு தீவு என்று ஒன்று உண்டு. அங்கே அலெக்சாண்ட்ரா குருட்டர் என்ற பெண் அறிஞர் எண்ணிப் பார்த்தார். ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சராசரியாகச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஒரு நாளில் அது கவனிக்கும் வருகைகள் சுமார் 2,300. நம்மில் எந்தக் கடைக்கு ஒரு நாளில் இத்தனை பேர் வருகிறார்கள்?

இந்தக் கடை இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே தீவில் சில சிறு பாறைகளிலிருந்து துப்புரவு மீன்களைத் தொடர்ந்து அகற்றி வந்தார்கள். எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல் வெளியான முடிவு இது: அந்தப் பாறைகளில் தங்கி வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 விழுக்காடு குறைவாக இருந்தது, மீன் வகைகள் 23 விழுக்காடு குறைவு. ஒரு தெருவில் நல்ல மளிகைக் கடை மூடப்பட்டால் அந்தத் தெரு எப்படிச் சோர்ந்து போகும் என்பது நமக்குத் தெரியும். கடலிலும் அப்படித்தான்.

ஆசை எங்கே தொடங்குகிறது

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. துப்புரவு மீனுக்கு உண்மையில் ஒட்டுண்ணி மீது அவ்வளவு விருப்பம் இல்லை. வாடிக்கை மீனின் தோல் மேல் பூசியிருக்கும் வழுவழுப்பான கோழையே அதற்கு அதிகச் சுவை. அந்தக் கோழை அந்த மீனுக்குக் கவசம் போன்றது. அதைக் கொத்தினால் வந்த மீனுக்கு நட்டம்.

ஆக ஒவ்வொரு முறையும் துப்புரவு மீனின் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒட்டுண்ணியைத் தின்று நேர்மையாக வேலையை முடிக்கலாம். அல்லது ஒரு கடி கோழையைக் கடித்து ஏமாற்றலாம். கடிபட்ட மீனின் உடல் சட்டென்று துள்ளும். ஆராய்ச்சியாளர்கள் அந்தத் துள்ளலை எண்ணியே ஏமாற்றுக் கணக்கைப் போடுகிறார்கள்.

இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. தராசுத் தட்டில் விரல் படுவதும், பொட்டலத் தாளின் எடையைப் பருப்போடு சேர்ப்பதும், சில்லறை இல்லை என்று மிட்டாயைக் கொடுப்பதும் இந்தக் கோழைக் கடியின் இனம்தான். அளவு சிறியது, அதனால்தான் ஆசை பெரியது.

யாரை முதலில் கவனிப்பது?

எகிப்தின் ராஸ் முகம்மது தேசியப் பூங்காவில், செங்கடலில், ரெதுவான் பிஷாரி என்ற அறிஞர் இந்த மீன்களைப் பல காலம் கவனித்தார். வாடிக்கை மீன்களை அவர் இரண்டாகப் பிரித்தார்.

முதல் வகை, ஒரே பாறையில் தங்கி வாழும் சிறு மீன்கள். அவற்றின் எல்லைக்குள் ஒரே ஒரு துப்புரவுக் கடைதான் உண்டு. வேறு போக்கிடம் இல்லை.

இரண்டாம் வகை, சுற்றித் திரியும் மீன்கள். அவற்றின் வழியில் பல துப்புரவுக் கடைகள் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த கடை.

இரண்டு வகையும் ஒரே நேரத்தில் வந்தால், துப்புரவு மீன் சுற்றி வரும் மீனையே பெரும்பாலும் முதலில் கவனிக்கிறது. தங்கி வாழும் மீனைக் காக்க வைக்கிறது. காரணம் எளிது. சுற்றி வரும் மீனைக் காக்க வைத்தாலோ கடித்தாலோ அது அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடும். தங்கி வாழும் மீன் எங்கே போகும்?

ஆனால் தங்கி வாழும் மீன் கையாலாகாதது அல்ல. ஏமாற்றிக் கடித்தால் அது துப்புரவு மீனைத் துரத்தித் துரத்தி விரட்டும். விரட்டப்பட்ட பிறகு அடுத்த முறை துப்புரவு மீன் ஒழுங்காக வேலை செய்கிறது. வேட்டை மீன்களை மட்டும் அது ஏமாற்ற நினைப்பதே அரிது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சில வேளைகளில் துப்புரவு மீன் கொத்துவதை விட்டுவிட்டு, தன் துடுப்புகளால் வாடிக்கை மீனின் முதுகை மெல்ல வருடிக் கொடுக்கும். கடித்துக் கோபப்படுத்திய மீனைச் சமாதானப்படுத்தவும், கிளம்பப் பார்க்கும் மீனை நிறுத்தி வைக்கவும் இது பயன்படுகிறது. இத்தகைய வருடல், மீனின் உடலில் பதற்றத்தைக் காட்டும் சுரப்பைக் குறைக்கிறது என்று 2011-இல் கண்டார்கள். நாம் கறிவேப்பிலை கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுவதும், குழந்தை கையில் ஒரு பொட்டுக்கடலை வைப்பதும் இதுதான்.

பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்

பிஷாரியும் குருட்டரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். துப்புரவு மீனின் முன்னே ஒரு தட்டில் இரண்டு உணவுகள்: அதற்கு மிகவும் பிடித்த இறால், அவ்வளவாகப் பிடிக்காத தூள் உணவு. இறாலைத் தொட்டால் தட்டு உடனே எடுக்கப்படும். தூளை மட்டும் தின்றால் தட்டு நிற்கும். மீன்கள் பிடித்ததை விட்டுவிட்டு, பிடிக்காததைத் தின்னக் கற்றுக்கொண்டன. வாடிக்கை நிலைக்க வேண்டுமானால் நாவை அடக்க வேண்டும் என்பதை மீனும் கற்கிறது.

2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதைவிட வியப்பானது. ஒரு துப்புரவு மீன் வேறொரு மீனுக்கு அமைதியாக வேலை செய்வதை ஓரமாக நின்று பார்த்த மீன்கள், அதன் பக்கமே அதிக நேரம் நின்றன. வேலை செய்யாத துப்புரவு மீனை அவை அவ்வளவாக நாடவில்லை. தன்னைப் பிறர் கவனிக்கும்போது துப்புரவு மீனும் அதிக ஒழுக்கமாக நடந்துகொண்டது. நம் கல்லாவின் முன்னே ஒருவருக்கு நாம் நிறுத்துக் கொடுக்கும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் மூன்று பேரும் முள்ளைத்தான் பார்க்கிறார்கள். ஒருவரிடம் நாம் பேசும் பேச்சு நால்வருக்குப் போகிறது.

குடும்பக் கடைக்கும் ஒரு செய்தி உண்டு. துப்புரவு மீன்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே வாடிக்கை மீனைக் கவனிப்பது உண்டு. பெண் மீன் கோழையைக் கடித்துவிட்டால் வாடிக்கை ஓடிவிடும். ஆணுக்கும் உணவு போய்விடும். அப்போது ஆண் மீன் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கிறது. அதன் பிறகு பெண் மீன் அடக்கமாக நடக்கிறது என்று 2010-இல் நிரூபித்தார்கள். ஆண் மீன் இதை நீதிக்காகச் செய்யவில்லை. தன் வயிற்றுக்காகச் செய்கிறது. கடைப் பையன் எடையில் குறைத்தால் அது முதலாளிக்கு லாபம் என்று நினைப்பவர்கள் இந்த ஆண் மீனிடம் கற்க வேண்டும்.

அலையும் கடையும் போலிக் கடையும்

முன்பாதி நீலமும் பின்பாதி மஞ்சளுமான வகையைச் சொன்னோம். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. பெரிய பரப்பில் அலைந்து வேலை செய்கிறது. தான் அடிக்கடி போகாத பகுதிகளில் அது வாடிக்கை மீன்களை அதிகமாகக் கடிக்கிறது. மறுபடி முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்றால் நாணயம் குறைகிறது. ஓரிடத்தில் பலகை போட்டுப் பெயர் எழுதி உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த வசதி கிடையாது. அதுவே நம் பலமும் ஆகும்.

போலிச் சரக்கும் அங்கே உண்டு. அஸ்பிடோன்டஸ் என்ற வேறொரு மீன், அதே கறுப்புப் பட்டை, அதே நீலம், அதே ஆட்டத்துடன் துப்புரவு மீன் போலவே தோன்றும். நம்பி வரும் மீனின் துடுப்பைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஓடும். பெயர் பெற்ற வணிகச் சின்னத்தின் உறையைப் போல அச்சிட்டு, உள்ளே கலப்படத் தூளை நிரப்பி வரும் சரக்கு நமக்கு நினைவுக்கு வருகிறது. போலியால் கடிபடுகிறவர் போலியைத் திட்டுவதில்லை. விற்ற கடையைத் திட்டுகிறார். கொள்முதல் செய்யும்போது ரசீது கேட்டு வாங்க வேண்டிய காரணம் இதுதான்.

போட்டி குறைந்தபோது நடந்தது

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

லிசார்டு தீவை அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கின. பிறகு 2016-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. இவற்றின் பின் அங்கே துப்புரவு மீன்கள் 80 விழுக்காடு குறைந்துவிட்டன. வாடிக்கை மீன்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. அதாவது கடைகள் குறைந்தன; கூட்டம் பெருகியது. வாடிக்கை மீன்களுக்குத் தேர்வு செய்ய வழியில்லை. கிடைத்த கடையில் நின்றன.

அப்போது பிழைத்திருந்த துப்புரவு மீன்களைச் சோதித்தார்கள். 2018-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? பார்ப்பவர் முன் நற்பெயரைக் காப்பாற்றும் திறமையும், காத்திருக்காத வாடிக்கையை முதலில் கவனிக்கக் கற்கும் திறமையும் அவற்றிடம் வெகுவாகக் குறைந்திருந்தன. முன்பு குரங்குகளையும் தோற்கடித்த மீன் இது. 2012-இல் நடந்த ஒப்பீட்டில், நிற்காத தட்டை முதலில் தின்ன வேண்டும் என்ற பாடத்தை வளர்ந்த துப்புரவு மீன்கள் கற்றன, ஒராங்குட்டான்கள் கற்கவில்லை, சிம்பன்சிகளிலும் சிலவே கற்றன. அத்தகைய மீனின் திறமை, கூட்டம் தானாக வந்தபோது மழுங்கியது.

இதைப் படித்தபோது 2020 மார்ச் 25-க்குப் பிறகான நாட்கள் நம் நினைவுக்கு வந்தன. ஊரடங்கில் எல்லாக் கடைகளும் மூடியிருக்க, நம் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. மக்கள் வட்டம் போட்ட இடத்தில் நின்று, கிடைத்ததை வாங்கினார்கள். நம்மில் பெரும்பாலோர் உயிரைப் பணயம் வைத்துப் பொருள் கொடுத்தோம். கையில் காசில்லாத வீட்டுக்கும் நோட்டில் எழுதி அரிசி கொடுத்தோம். ஆனால் நம்மில் சிலர் அந்த நாட்களில் விலையை ஏற்றினோம். கேட்டவரிடம் "வேண்டுமானால் வாங்குங்கள்" என்றோம். அன்று அவருக்கு வேறு கடை இல்லை. இன்று உண்டு. கைப்பேசியில் விரலை வைத்தால் பொருள் வாசலுக்கு வருகிறது. வாடிக்கை குறைந்துவிட்டது என்று சங்கக் கூட்டத்தில் நாம் வருந்துகிறோம். பெருங்கடைகள் ஒரு காரணம் என்பது உண்மை. அந்த நாட்களில் நாம் சொன்ன ஒரு சொல்லும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு குடும்பம் மாதம் ரூ.4,000-க்கு நம்மிடம் மளிகை வாங்குகிறது. அதில் ரூ.2,000-க்கு நிறுத்துக் கொடுக்கும் சரக்கு. கிலோவுக்கு 20 கிராம் குறைத்தால் 2 விழுக்காடு, மாதம் ரூ.40, ஆண்டுக்கு ரூ.480 மிச்சம்.

அந்தக் குடும்பம் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு நம்மை விட்டுப் போகிறது. ஆண்டு விற்பனையில் ரூ.48,000 போகும். 8 விழுக்காடு லாபம் என்று வைத்தால் ரூ.3,840 நட்டம். அதாவது எட்டுக் குடும்பங்களிடம் ஆண்டு முழுவதும் எடையில் குறைத்துச் சேர்த்ததை ஒரே குடும்பம் கொண்டுபோய்விடும். அது அண்டை வீட்டில் சொல்லும் சொல்லுக்குக் கணக்கே இல்லை. 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி வரும் அபராதம் தனி.

மீனைப் பின்பற்றக் கூடாத இடம்

மீனிடம் எல்லாவற்றையும் கற்கலாம் என்று நாம் சொல்லவில்லை. போக்கிடம் இல்லாத வாடிக்கையைக் காக்க வைப்பதும், அதற்குக் குறைந்த சேவை தருவதும் மீனின் வழி. அது மீனுக்குச் சரியாக இருக்கலாம். நமக்கு இரண்டு காரணங்களால் சரியல்ல.

முதற் காரணம், நம் தெருவில் போக்கிடம் இல்லாதவர் என்று இப்போது எவரும் இல்லை. இருபது ஆண்டுகளாகக் கணக்கு நோட்டு வைத்து வாங்குகிறவர் எங்கே போய்விடுவார் என்று நினைத்து, காரில் வந்து இறங்கியவரை முதலில் கவனிக்கிறோம். நோட்டுக்காரர் வாய் திறப்பதில்லை. அவர் மகன் கைப்பேசியை எடுக்கிறான்.

இரண்டாம் காரணம் மொத்த வணிகர்களுக்கும் உரியது. மண்டியில் பாக்கி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர் நம்மைவிட்டு நகர முடியாது. கைக்காசு கொடுத்து வாங்குகிறவருக்கு முதல் தரச் சரக்கும், பாக்கிக்காரருக்கு அடிமூட்டையும் போவது சில இடங்களில் நடக்கிறது. அவர் மறுக்க முடியாமல் வாங்கிப் போகிறார். அந்தப் பூச்சி அரித்த பருப்பு அவர் கடையில் விற்காது. விற்காத கடையிலிருந்து நம் பாக்கி எப்படி வரும்? தங்கி வாழும் மீனைக் கடித்தால் அது துரத்தும். பாக்கிக்காரர் துரத்த மாட்டார். ஒரு நாள் கடையை மூடிவிடுவார். இரண்டில் எது நமக்குப் பெரிய நட்டம் என்பதைப் பேரேட்டைப் புரட்டினால் அறியலாம்.

மீனுக்கு மனச்சாட்சி இல்லை. துரத்தினால் திருந்தும், யாரும் பார்த்தால் ஒழுங்காகும், கூட்டம் தானாக வந்தால் மறந்துவிடும். மனிதர் அப்படி இருக்க வேண்டியதில்லை. யாரும் பார்க்காதபோதும் முள் நடுவில் நிற்கட்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். நம் முன்னோர் கடை நடத்திய வழி அதுதான்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நம் கடையில் வாடிக்கையாளர் 'துள்ளும்' இடம் எது: எடையா, விலையா, பேச்சா, காத்திருப்பா?

2. கூட்ட நேரத்தில் யாரை முதலில் கவனிக்கிறோம்? கணக்கு நோட்டுக்காரர் கடைசியாக எப்போது காத்திருந்தார்?

3. நம் தராசின் முத்திரைத் தேதி வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இருக்கிறதா?

4. பாக்கி வைத்திருக்கும் கடைக்காரருக்குச் சென்ற மாதம் எந்தத் தரச் சரக்கு அனுப்பினோம்?

இந்த நான்குக்கும் நேரான விடை எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம். அதற்குள் கல்லா நமக்குப் பதில் சொல்லியிருக்கும்.